ஓரிலக்கத்திற்கு இருவர் உரிமை

எண்ணிடுதல் சிறுதொழில் என்று கருதுவார் பலர். நூல் இயற்றியவனுக்குப் புகழ் உண்டு. அந்நூலுக்கு அலமாரியில் எண்ணிட்டு வைத்தவனை நினைப்பார் இலர். கணிப்பொறித் துறையிலும் இவ்வெண்ணமே நிலவுகின்றது. நிரல் எழுதும் மாணாக்கர் தம் நிரலின் நுட்பத்தை நண்பர்க்குக் காட்டி மகிழ்வர். இன்ன பண்புக்கு இன்ன இலக்கம் என்று அதனுள் வகுத்த வரியைக் காட்டி மகிழ்ந்தாரை யாம் கண்டதில்லை. ஆயினும் அத்தகைய வரியொன்றைக் குறித்தே இங்கு எழுதத் துணிந்தோம். 2020-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கர்னலில், அஃதாவது அதன் கருவாய் நின்று ஏனைய நிரல்களையெல்லாம் தாங்கும் நிரலில், 8192 என்றிருந்த ஓரிலக்கம் 2097152 என்று மாற்றப்பட்டது. உலகுக்கு வெளியிடப்பட்டு நான்கு திங்கள் வழங்கிய இலக்கம் அது. வெளியிட்ட சொல்லை மாற்றலாமோ என்று வினவுவார் உளர். மாற்றியது முறையே என்பதும், மாற்றியதோடு நின்றது போதாது என்பதும் எமது அபிப்பிராயம்.

விஷயத்தை முதலிலிருந்து கூறுவோம். ஒரு கோப்பு எவ்வளவு பெரிது, எவருக்கு உரியது, எப்பொழுது திருத்தப்பட்டது என்றெல்லாம் ஒரு நிரல் அறிய விரும்பின், அது கர்னலையே வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு யுனிக்ஸ் தோன்றிய நாள்முதல் ‘ஸ்டாட்’ என்று பெயர். பழைய ஸ்டாட் சொல்லாத செய்திகள் பல பிற்காலத்தில் வேண்டப்பட்டமையின், டேவிட் ஹவல்ஸ் என்பார் இயற்றிய ‘ஸ்டாட்எக்ஸ்’ என்னும் புதிய வினா 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த 4.11-ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. அது கொணரும் விடையில் அறுபத்து நான்கு பிட் கொண்ட ஒரு வரிசை உண்டு. அதனை அறுபத்து நான்கு விளக்குகள் நிரையாக வைத்த ஒரு மாடமெனக் கொள்க. ஒவ்வொரு விளக்கும் கோப்பின் ஒரு பண்பைக் குறிக்கும். எரிந்தால் அப்பண்பு உண்டு, எரியாவிடின் இல்லை. இவ்விளக்குகளையே இத்துறையோர் ‘ஃப்ளாக்’ என்பர். யாம் குறி என்போம். முதற்குறியின் மதிப்பு 1, அடுத்தது 2, அதற்கடுத்தது 4, இவ்வாறு இரட்டித்துக் கொண்டே செல்லும். பூச்சியத்திலிருந்து எண்ணுங்கால் பதின்மூன்றாம் இடத்து நிற்கும் குறியின் மதிப்பே 8192.

இவ்வரிசையில் இலக்கங்கள் அடுத்தடுத்து நிரப்பப்பட்டன அல்ல. சுருக்கி வைத்த கோப்புக்கு 4. மாற்றவொண்ணாக் கோப்புக்கு 16. இறுதியில் மட்டும் சேர்த்து எழுதத்தக்க கோப்புக்கு 32. மறைகுறியாக்கிய கோப்புக்கு 2048. இடையே வெற்றிடங்கள் பல. இதற்குக் காரணம் உண்டு. ஸ்டாட்எக்ஸ் தோன்றுமுன்னரே, எக்ஸ்ட்2 என்னும் கோப்பு முறைமையில் இப்பண்புகளுக்கு ஒரு பழைய அட்டவணை இருந்தது; ‘சாட்டர்’ என்னும் கட்டளையால் கோப்பைப் பூட்டிப் பழகியோர் அதனை அறிவர். பழைய அட்டவணையில் எவ்விலக்கமோ இயன்றவரை அதுவே புதியதிலும் இருக்கட்டும் என்று வகுத்தனர். பழைய அட்டவணையோடு தொடர்பில்லாத பண்புகளுக்கு மட்டும் புதிய இடம் தேட வேண்டியதாயிற்று. அவ்வாறு இடம்பெற்ற ஒன்றுக்கு 4096 வாய்த்தது. அதற்கடுத்து ஒழிந்து கிடந்தது 8192.

2020-இன் முற்பாதியில் இரு வேறு குழுவினர் இரு வேறு பண்புகளைச் சேர்க்க முயன்றனர். ஒன்று ‘மவுண்ட் ரூட்’. ஒரு கோப்பு முறைமையை மற்றொன்றின் மரத்தில் ஒட்டுங்கால், ஒட்டிய கிளையின் அடி எது என்பதைக் காட்டும் குறி அது. மற்றொன்று ‘டாக்ஸ்’. மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் வைத்த கோப்பை, இடையே ஒரு நகல் எடுத்து வைக்காமல், செயலி நேரே தொட்டு வாசிக்கும் நிலையைக் காட்டுவது இது. இரண்டும் வேண்டத்தக்கனவே. இருசாராரும் தத்தம் கிளையில் அட்டவணையை விரித்துப் பார்த்தனர். இருசாரார்க்கும் 8192 வெறுமையாகவே தோன்றியது. இருவரும் அதனையே கொண்டனர். ஜூன் திங்களில் இரு கிளைகளும் மூலத்தில் வந்து சேர்ந்தன. ஆகஸ்ட் 2-இல் 5.8-ஆம் பதிப்பு வெளிவந்தது. அக்டோபர் 11-இல் 5.9 வெளிவந்தது. இரண்டிலும் ஓரிலக்கத்திற்கு இருவர் உரிமை கொண்டாடினர்.

இதனை அசிரத்தை என்று சொல்லிக் கடந்துவிட எமக்கு மனமில்லை. எவருடைய அசிரத்தை? தனித்தனியே நோக்கின் இருவரும் செய்தது பிழையன்று. அவரவர் எழுதியபொழுது அவரவர் முன் இருந்த ஏட்டில் 8192 வெற்றிடமே. சேர்க்கும் கருவியோ வரிகளை ஒப்பிடுமேயன்றி அவற்றின் பொருளை ஒப்பிடாது. வெவ்வேறு பெயர் தாங்கிய இரு வரிகள் ஏட்டில் வெவ்வேறிடத்தில் நிற்பின் அதற்கு முரண்பாடே இல்லை. சி மொழியின் தொகுப்பியும், இரு பெயர்க்கு ஒரே மதிப்பு இருப்பதைக் குற்றமென்று கூறாது. அங்ஙனம் வேண்டுமென்றே வைப்பதும் உண்டாதலின். எஞ்சியது மனிதர் கண். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 8192 என்பது 2-ஐ அடுத்து மூன்று பூச்சியங்கள். பழைய அட்டவணையில் டாக்ஸுக்குரிய இலக்கமோ 2-ஐ அடுத்து ஆறு பூச்சியங்கள். முன்னும் பூச்சியங்களை நிரப்பி எட்டிலக்கமாக எழுதுவது அங்கு வழக்கம். இத்தகைய வரிகள் பத்துப் பன்னிரண்டைத் தொடர்ந்து வாசித்துப் பார்த்தவர்க்கே கண்ணின் பலவீனம் விளங்கும்.

இதனால் விளையக்கூடிய தீங்கு யாது? ஒவ்வொரு லினக்ஸ் பொறியிலும் மவுண்ட் ரூட் ஒன்றேனும் உண்டு. தலைக் கோப்புறையே அத்தகையது. டாக்ஸ் உண்டா என்று வினவும் நிரலுக்கு, சாதாரண வட்டில் கிடக்கும் அத்தலைக் கோப்புறையும் அழியா நினைவகத்தில் இருப்பதாகப் பொய்விடை கிடைக்கும். மறுதலையாக, டாக்ஸ் நிலையிலுள்ள கோப்பு, ஒட்டுக் கிளையின் அடியாகத் தோன்றும். பிற கோப்பு முறைமைகளுட் புகாமல் ஒரு மரத்தை மட்டும் நகலெடுக்க எழுதிய நிரலொன்று இக்குறியையே நம்பியிருப்பின், அக்கோப்பை அயலது என்று எண்ணி விட்டுச் செல்லக்கூடும். நகல் முடிந்தது என்று அது அறிவிக்கும். விடுபட்ட கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது. உரத்துக் கூவி நிற்கும் பிழையினும் மௌனமாய்ப் பொய் கூறும் பிழை கொடிது என்பதை, நகலை நம்பி மூலத்தை இழந்தவர் அறிவர்.

இன்னுமொரு நுட்பம் உண்டு; அது எம்மை மிகவும் கவர்ந்தது. ஸ்டாட்எக்ஸ் விடையில் விளக்கு வரிசையோடு மற்றொரு வரிசையும் வரும். அதற்கு ‘மாஸ்க்’ என்று பெயர். எரியாத விளக்கு இரு பொருள் தரும்: அப்பண்பு இல்லை என்றும் இருக்கலாம், அப்பண்பைப் பற்றி இக்கர்னல் அறியாது என்றும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துணர்த்தவே மாஸ்க் அமைந்தது. தான் அறிந்த பண்புகளின் இடங்களை மட்டும் கர்னல் அதிற் குறித்துக் காட்டும். அறியாததை அறியேன் என்று கூறும் இவ்வொழுக்கம், ஸ்டாட்எக்ஸை வகுத்தோர் செய்த செயல்களுள் மிக மேலானது என்பது எமது மதிப்பு. இரு பண்புகள் ஓரிடத்தைப் பங்கிட்டபொழுது இவ்வொழுக்கமும் கெட்டது. மவுண்ட் ரூட்டை அறிவேன் என்று கர்னல் கூறிய சொல்லை, டாக்ஸை அறிவேன் என்று கூறியதாகவே மற்றொரு நிரல் கொள்ளும்.

பிழை புலப்பட்டபின் எழுந்த வினாவே இவ்வியாசத்தின் உயிர்நிலை. இருவருள் எவரை எழுப்புவது?

கர்னலை முதன்முதலாக இயற்றிய லினஸ் டோர்வால்ட்ஸ் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் விதியொன்று உண்டு. கர்னலின் உட்புறத்தை எவ்வளவு வேண்டுமாயினும் மாற்றிக்கொள்க. ஆயின் அதன்மேல் இயங்கும் பயனர் நிரல்கள் உடையுமாறு எதையும் மாற்றற்க என்பதே அது. குறியின் இலக்கம் பயனர்க்கு வெளியிட்ட ஏட்டில் இருப்பது. ஒரு நிரலைத் தொகுக்குங்கால் ஏட்டிலுள்ள பெயர் மறைந்து, இலக்கம் மட்டும் அதனுட் பதியும். பின்னர் ஏட்டைத் திருத்தினும் முன்னே தொகுத்த நிரல் திருந்தாது. 2020 செப்டம்பரில் தொகுக்கப்பட்ட ஒரு நிரல், டாக்ஸ் என்றால் 8192 என்றே தன் வாழ்நாள் முழுதும் கருதிக்கொண்டிருக்கும். எனவே விதியை எழுத்துப்படி கொள்வோர், இரண்டையும் அசைத்தல் கூடாது. வேண்டுமாயின் மூன்றாவதாக ஒரு புதிய பெயரும் இடமும் வகுத்து, பழையதைப் பிழையோடே விட்டுவிடுக என்று வாதிக்கலாம். அவ்வாதம் நகைத்துத் தள்ளத்தக்கதன்று.

ஆயினும் யாம் அதனை ஏற்கோம். அவ்விதியின் கருத்து, வெளியிட்ட இலக்கத்தை நம்பினோர் கைவிடப்படலாகாது என்பதாம். இங்கோ நம்பத்தக்க சொல்லொன்று இருந்ததேயில்லை. ஒரே நிலத்தை இருவர்க்குக் கிரயஞ் செய்து கொடுத்தவன், இருவரிடமும் ‘என் சொல் மாறாது’ என்று கூறுவதிற் பயன் என்ன? அசையாதிருப்பின் இருவரும் என்றென்றும் ஏமாற்றப்படுவர். ஒருவரை எழுப்பி வேறிடம் தந்தால் மற்றவர்க்கேனும் அந்நாள் முதல் மெய் கிட்டும். எழுந்தவர்க்கும் புதிய இடத்தில் மெய் கிட்டும். இங்குதான் மேற்கூறிய மாஸ்க் கைகொடுக்கின்றது. புதிய இலக்கத்தோடு தொகுத்த நிரல் ஒன்று பழைய 5.8-ஆம் கர்னலின்மேல் இயங்க நேரின், அது வினவும் இடத்தில் விளக்கும் எரியாது, மாஸ்கும் எரியாது. ‘இதனை யான் அறியேன்’ என்ற விடையே அதற்குக் கிடைக்கும். முன்னே பொய், இப்பொழுது அறியாமையின் ஒப்புதல். எது மேல் என்பதில் ஐயமுண்டோ?

எழுப்பப்பட்டது டாக்ஸ். எரிக் சண்டீன் என்பார் எழுதிய திருத்தம் அதனைப் பதின்மூன்றாம் இடத்தினின்று பெயர்த்து இருபத்தொன்றாம் இடத்தில், 2097152 என்னும் மதிப்போடு அமர்த்தியது. அத்தெரிவும் தக்கதே என்பது எமது துணிபு. மாணவர் விடுதியில் துணி வெளுப்பவர் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவதை நம்முள் மூத்தோர் கண்டிருப்பர். இரண்டு அறையார்க்கு ஒரே குறி விழுந்துவிடின், மூத்தவன் யார், செல்வன் யார் என்று பார்த்துக் குறியை மாற்றுவதில்லை. எவன் துணி குறைவோ அவன் துணிக்கே புதுக்குறி இடுவர். மவுண்ட் ரூட் எல்லாப் பொறிகளிலும் உள்ளது. சிஸ்டம்டி போன்று பொறி எழும்பொழுதே இயங்கத் தொடங்கும் நிரல்களுக்கு அது வேண்டற்பாலது. டாக்ஸோ அரிய சாதனத்தை நாடி நிற்பது. அழியா நினைவகங்களுட் பெயர்பெற்ற இன்டெல் ஆப்டேன் வகையை அதனை ஆக்கியோரே 2022-இல் கைவிட முடிவு செய்தனர் என்றால், அதன் பரப்பு எத்தகையது என்பது தெளிவு. எனினும் பிற்கால நிகழ்ச்சியைக் கொண்டு முற்காலத் தீர்ப்பை மெச்சுவது நேர்மையன்று. 2020-இல் நின்று நோக்கினும் தராசு இப்புறமே சாய்ந்திருக்கும்.

பழைய அட்டவணையோடு இலக்கம் ஒத்திருத்தல் வேண்டும் என்ற அழகை நாடி, டாக்ஸுக்குப் பழைய அட்டவணையிலுள்ள இருபத்தைந்தாம் இடத்தையே கொடுத்திருக்கலாமே என்பார்க்கும் ஒரு சொல். கொடுத்திருப்பின் அது புதியதொரு பொய்க்கு வித்தாகும். பழைய அட்டவணையின் டாக்ஸ், ‘இக்கோப்பை நேரே தொட்டு வாசிக்க விரும்புகின்றேன்’ என்று உரியவன் இடும் வேண்டுகோள். ஸ்டாட்எக்ஸின் டாக்ஸ், ‘இக்கோப்பு இப்பொழுது அந்நிலையில் உள்ளது’ என்று கர்னல் தரும் அறிக்கை. விருப்பம் இருந்தும் நிலை இல்லாதிருக்கலாம். வேறுபொருளுக்கு வேறிலக்கம் இருத்தலே நன்று. திருத்தியவர் இதனை உணர்ந்து, டாக்ஸின் இலக்கம் ஏன் பழையதோடு ஒவ்வாது என்பதை ஏட்டிலேயே சில வரிகளில் விளக்கி வைத்தார். இலக்கத்தை மாற்றியதினும் அவ்விளக்கத்தை எழுதியதே பெரிது என்று யாம் கருதுகின்றோம். பின்னொரு நாளில் ஆர்வமிக்க இளைஞன் ஒருவன் வந்து ‘அழகுபடுத்த’ முற்படாது அது காத்து நிற்கும்.

இதுவரை புகழ்ந்தோம். இனி எமது குறை.

இவ்வித மோதல் கர்னலுக்குப் புதிதன்று. ஒரு கோப்பைத் திறக்குங்கால் கொடுக்கும் குறிகள் வேறொரு வரிசை. அவற்றின் இலக்கங்கள் செயலியின் வகைக்கேற்ப மாறும். ஸ்பார்க், ஆல்ஃபா, மிப்ஸ் முதலிய பொறிகளில் அவ்வவற்றின் பழைய யுனிக்ஸ் வழக்கு ஒட்டிக்கொண்டிருத்தலே காரணம். 2010-இல், கர்னல் தன் உட்பயனுக்கென வைத்துக்கொண்ட ஒரு குறி, ஸ்பார்க் பொறியில் பயனர்க்குரிய ஒரு குறியோடு மோதியது. உட்குறி எழுப்பப்பட்டு வேறிடம் பெற்றது. அதே ஆண்டில், அத்தோடு அமையாது, ஒரு காவலும் வைத்தனர். எல்லாக் குறிகளையும் ஒன்றாகச் சேர்த்து, எரியும் விளக்குகள் எத்தனை என்று கர்னலைத் தொகுக்கும் பொழுதே எண்ணிப் பார்க்கும் சிறு வரி அது. பதினேழு குறிகளைச் சேர்த்தால் பதினேழு விளக்குகள் எரிதல் வேண்டும்; பதினாறே எரியின் எங்கோ இருவர் ஓரிடத்தில் அமர்ந்துள்ளனர் என்பது வெளிப்படை. உடனே தொகுப்பு நின்றுவிடும். பெரிய நூலறிவு வேண்டாத எளிய உபாயம். ஆயினும் இரவிலும் உறங்காத கண்.

அக்காவலிலும் ஓர் ஓட்டை இருந்தது என்பதை மறைக்கமாட்டோம். எழுப்பப்பட்ட அவ்வுட்குறியைக் காவலின் பட்டியலில் சேர்க்க மறந்தனர். 2011-இல் ‘ஓ-பாத்’ என்னும் புதுக்குறி வந்தது. அதன் இலக்கம் சில பொறிகளில் மோதியமையால் அப்பொறிகளுக்கு வேறிலக்கம் வகுத்தனர். மோதலைத் தீர்க்க ஸ்பார்க்குக்குக் கொடுத்த அவ்விலக்கமாகிய 16777216-இல், அவ்வுட்குறி முன்னரே குடியிருந்தது! காவலின் பட்டியலில் அதன் பெயர் இன்மையின் மணி அடிக்கவில்லை. 2015 ஜனவரியிற்றான் அது கண்டறியப்பட்டது. பயனர்க்குப் புலப்படும் ஓ-பாத்தை அசைத்தல் ஆகாது என்று கூறி, உட்குறியையே மீண்டும் எழுப்பி 67108864-இல் வைத்தனர்; இம்முறை பட்டியலிலும் சேர்த்தனர். இருமுறை இடம் பெயர்ந்த அக்குறியின்பால் எமக்குச் சிறிது இரக்கமும் உண்டு.

இவ்வளவு பட்டறிவு இருந்தும், ஸ்டாட்எக்ஸ் பண்புகளின் வரிசைக்கு அத்தகைய காவல் 2020-இல் இல்லை. டிசம்பர்த் திருத்தமும் ஏட்டிலுள்ள இலக்கத்தையும் விளக்கத்தையும் திருத்தியதேயன்றிக் காவல் ஒன்றையும் உடன் கொணரவில்லை. பண்புகள் பத்துக்கு உட்பட்டனவே, கண்ணாற் கண்டுகொள்ளலாம் என்று கூறுவர். அப்பத்துக்குள்ளேதான் இருவர் மோதினர் என்பதை நினைவூட்டுவோம். காவல் இருந்திருப்பின் ஜூன் திங்களில், இரு கிளைகளும் கூடிய அன்றே, தொகுப்பு நின்றிருக்கும். எவரும் எவருக்கும் அளித்த சொல்லை மீற வேண்டிய இக்கட்டே நேர்ந்திராது. வெளியிடுமுன் மாற்றுவது ஒரு நிமிடத்து வேலை. வெளியிட்டபின் மாற்றுவது வாக்குத் தவறுதல், அது தக்க காரணத்தோடு கூடியதாயினும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கருதுவார்க்கு நான்கைந்து வரிக் காவல் மிகையன்று. வரிகள் மிகின் ஏடு அழகு குன்றும் என்ற மறுப்பையும் கேட்டிருக்கின்றோம். அதற்கு விடை கூற எமக்குப் பொறுமையில்லை.

நம் கலாசாலையின் கணிப்பொறிக் கூடத்தில் இவ்வாண்டு சிறு இயங்குதளம் ஒன்றை இயற்றிப் பழகும் மாணாக்கர் சிலர் உளர். அவர்தம் ஏட்டையும் யாம் புரட்டிப் பார்த்தோம். ஐவர் ஒருங்கெழுதும் அதில் குறிகளின் இலக்கங்கள் மூன்று கோப்புகளிற் சிதறிக் கிடந்தன. மோதல் ஒன்றும் இன்னும் நேரவில்லை என்று அவர் பெருமிதத்தோடு கூறினர். எண்ணிப் பார்த்துத்தான் கூறினீர்களோ என்று கேட்டோம். மறுநாள் வந்து, இரண்டு உண்டு என்றனர்.

5.10-ஆம் பதிப்பு 2020 டிசம்பர் 13-இல் வெளிவந்தது. அதன் ஏட்டில் 8192 மவுண்ட் ரூட்டுக்கு மட்டுமே உரியதாய் நின்றது. டாக்ஸ் 2097152-இல் அமர்ந்திருந்தது. 2024-இல் வெளிவந்த 6.11-இல், எழுத்து இடையில் அறுபடாது ஒருசேர நிகழும் என்பதைக் காட்டும் புதிய பண்பு ஒன்று சேர்ந்தது. அது டாக்ஸுக்கு அடுத்த இடமாகிய 4194304-ஐக் கொண்டது. அவ்விடம் அப்பொழுது வெறுமையாகவே இருந்தது.